வீரனின் தகப்பன்

2021இல் டோக்கியோ ஒலிம்பிக் தொடக்க விழாவில் நாடுகளின் அணிவகுப்பு ஆரம்பித்தபோது முதலில் ஒலித்தது ஒரு வீடியோ கேமின் முகப்பிசை. 'டிராகன் குவெஸ்ட்' ஜப்பானில் எவ்வளவு ஆழமாக வேரோடியிருக்கிறது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. இந்தத் தொடரைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் விற்பனையில் தொடங்கி விற்பனையிலேயே முடிந்துவிடுகிறது. இதைக் கதைசொல்லலின் ஒரு மரபாகவே படிக்க வேண்டும் என்பது என் துணிபு. அந்த மரபின் மையத்தில் இருப்பது தகப்பன்–பிள்ளை உறவு.

முதல் பாகம் 1986 மே 27 அன்று நிண்டெண்டோவின் ஃபாமிகாம் கருவிக்கு வந்தது, வெளியிட்டது எனிக்ஸ். கதையும் வடிவமைப்பும் யூஜி ஹோரி, ஓவியம் 'டிராகன் பால்' புகழ் அகிரா தொரியாமா, இசை கோயிச்சி சுகியாமா. 'விசார்ட்ரி', 'அல்டிமா' ஆகிய அமெரிக்கக் கணினி விளையாட்டுகளின் மீது ஹோரிக்குத் தீராத மோகம். கணினியையே தொட்டறியாத பிள்ளைகளுக்கும் அந்த அனுபவத்தைக் கொடுக்க நினைத்தார். கார்ட்ரிட்ஜில் இருந்த இடமோ வெறும் 64 கிலோபைட். ஜப்பானியக் கதகனா எழுத்துகளில்கூடச் சிலவற்றை மட்டும் வைத்துக்கொண்டு, அவற்றுக்குள் அடங்கும் பெயர்களாகத் தேடிச் சூட்டினார்கள். அந்த நெருக்கடியிலிருந்துதான் ஹோரியின் நடை பிறந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. ஊர்க்காரர்கள் ஓரிரு வரிதான் பேசுவார்கள். நாயகன் வாய் திறப்பதே இல்லை. அவன் மனதில் ஓடுவதை ஆடுபவர்தான் நிரப்பிக்கொள்ள வேண்டும்.

1988 பிப்ரவரியில் மூன்றாம் பாகம் வந்த அன்று கடை வாசல்களில் நீண்ட வரிசைகள். பள்ளிக்கு மட்டம்போட்டுவிட்டு நின்ற பிள்ளைகள் செய்தியானார்கள். அந்தப் பாகத்தில் நாயகனின் தகப்பன் ஓர்தேகா, மகன் கண்ணெதிரே போரிட்டு மடிகிறார். பக்கத்தில் நிற்பது தன் பிள்ளைதான் என்று அவருக்குத் தெரிவதில்லை. 1990இன் நான்காம் பாகத்தில் ஓர் அத்தியாயம் முழுக்க தொர்னேகோ என்ற வியாபாரியுடையது. மனைவி கட்டிக்கொடுக்கும் மதிய உணவை வாங்கிக்கொண்டு, யாரோ ஒருவரின் ஆயுதக் கடைக்குக் கூலி வேலைக்குப் போகும் மனிதர். சாகசக் கதைக்குள் குடும்பத்தை இப்படி உட்கார வைத்த துணிச்சல் அன்றைக்குப் புதிது.

எல்லாம் கனிந்தது 1992இன் ஐந்தாம் பாகத்தில். சிறுவனாகத் தகப்பன் பப்பாஸின் பின்னால் ஊர் ஊராக நடக்கிறோம். சண்டை வந்தால் எதிரியை வீழ்த்துவது பெரும்பாலும் அவர்தான். சண்டை முடிந்ததும், அடிபட்ட பிள்ளைக்கு அவரே மந்திரம் போட்டுக் காயம் ஆற்றுகிறார். பாசத்தை வசனமாக எழுதாமல் விளையாட்டின் விதியாகவே ஆக்கிய இடம் இது. பிறகு ஒரு நாள் பகைவன் சிறுவனின் கழுத்தில் ஆயுதத்தை வைக்கிறான். பப்பாஸ் கையை ஓங்கவில்லை. அடி அத்தனையையும் வாங்கிக்கொண்டு சாகிறார். அதே சண்டைத் திரைதான், ஆனால் நம்மால் அதில் எதுவும் செய்ய முடியாது. இத்தனை நேரம் நம் கையில் இருந்த அதிகாரம் பறிபோவதே இங்கே துயரமாகிறது.

சிறுவன் பத்தாண்டுகள் அடிமையாகக் கிடக்கிறான். தப்பிக்கிறான், மணக்கிறான், பிள்ளைகள் பிறக்கிறார்கள். பிறகு கல்லாகச் சபிக்கப்பட்டு, யாரோ ஒரு செல்வந்தர் வீட்டுத் தோட்டத்தில் எட்டாண்டுகள் நிற்கிறான். அந்த வீட்டுக் குழந்தை வளர்வதைப் பார்த்தபடி நிற்கிறான். தன் பிள்ளைகள் எங்கோ வளர்கிறார்கள். கடைசியில் அவர்களே தேடிவந்து அவனை மீட்கிறார்கள். புராண வாளை ஏந்தும் தகுதி அவனுக்கு இல்லை, மகனுக்கு இருக்கிறது. ஆக, இத்தனை நேரம் நாம் ஆடியது வீரனின் வாழ்க்கையை அல்ல, அவனைப் பெற்றவனின் வாழ்க்கையை! உலகைக் காக்கும் கதைகளில் இதற்கு நிகரான திருப்பத்தை நான் கண்டதில்லை.

பின்வந்தவற்றில் 2000இன் ஏழாம் பாகம் நீளத்தில் தளர்ந்தாலும், ஊர்களின் சின்னச் சின்னத் துயரங்களைச் சொன்ன விதத்தில் நிற்கிறது. 2012இன் பத்தாம் பாகம் இணையத்தில் பலர் கூடி ஆடுவது. அது வேறு கலை.

2017இன் பதினொன்றாம் பாகம் பேசப்பட வேண்டியது. அதில் வெரோனிக்கா என்ற தோழி மற்றவர்களைக் காப்பாற்றிவிட்டு இறக்கிறாள். கதை முடிந்துவிட்டது என்று நினைக்கும்போது நாயகன் காலத்தைப் பின்னோக்கிக் கடந்து அவளை மீட்டுவிடுகிறான். மனம் மகிழத்தான் செய்கிறது. ஆனால் ஐந்தாம் பாகத்திலும் நாயகன் கடந்த காலத்துக்குப் போகிறான். சிறுவனான தன்னையே சந்திக்கிறான். உயிரோடிருக்கும் அப்பாவிடம் பேசுகிறான். வரப்போவதைச் சொல்லி எச்சரிக்கவும் செய்கிறான். பப்பாஸ் போக வேண்டிய இடத்துக்குப் போகவே செய்கிறார். சாவைத் திரும்பப் பெற முடியாத அந்தக் கண்டிப்பில்தான் இத்தொடரின் இலக்கியத் தகுதி இருக்கிறது. பதினொன்றாம் பாகம் அதைத் தளர்த்திவிட்டது என்பதே என் குறை. சுகியாமா 2021இலும் தொரியாமா 2024இலும் மறைந்துவிட்டார்கள். பன்னிரண்டாம் பாகம் 2021இலேயே அறிவிக்கப்பட்டிருக்கிறது. அதில் ஹோரி எந்தப் பக்கம் சாய்வார் என்பதை அறியவே ஆவலோடு இருக்கிறேன்.