ஏமாற்றின் மொழி: ‘சதுரங்க வேட்டை’யை முன்வைத்து

ஏமாற்றுக்காரரை நாயகராகக் கொண்ட திரைப்படங்கள் அலுக்காமைக்குச் சூழ்ச்சியின் நுட்பமே காரணம் என்பர். எச். வினோத் இயக்கிய ‘சதுரங்க வேட்டை’ (2014) வேறொரு காரணத்தைப் புலப்படுத்துகிறது. அதன் நாயகன் காந்தி பாபுவின் கருவி பேச்சே. மண்ணுளிப் பாம்பை விற்கையிலும் எம்.எல்.எம். வணிகத்திற்கு ஆள் சேர்க்கையிலும் அவனது சொல்நடை கேட்போருக்கேற்ப மாறுகிறது. இரிடியக் கலச மோசடிக்கு வழங்கும் ‘ரைஸ் புல்லிங்’ என்னும் தொடரை ‘அரிசி ஈர்ப்பு’ எனப் பெயர்த்தால் பொருள் விளங்கும், நம்பிக்கையோ குலையும். (நாளிதழ்களும் அதனைப் பெயர்ப்பதில்லை.) விளங்காமையே அங்குச் சொல்லின் ஆற்றல். ‘தி ஸ்டிங்’ (1973) தன் இறுதிச் சூழ்ச்சியைப் பார்வையாளரிடமும் மறைக்கிறது. இங்கோ பொய்யென அறிந்தே அவர்கள் அப்பேச்சில் ஈடுபடுகின்றனர். 2018இல் தெலுங்கில் ‘பிளஃப் மாஸ்டர்’ என மீண்டும் எடுக்கப்பட்டபோது, தமிழ்த் தலைப்பில் மறைந்திருந்த ஏய்ப்பு வெளிப்படையாயிற்று, அது இழப்பே.