எலும்பைக் கூட வைக்குமா இந்த அதிர்வு?

முறிந்த எலும்பைக் கூட வைப்பதற்கான அல்ட்ராசவுண்டு கருவி எக்ஸோஜென். அதைக் காலில் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் எதுவுமே தெரியாது. சூடு இல்லை, குறுகுறுப்பு இல்லை. கையடக்கமான ஒரு பெட்டி, அதிலிருந்து ஓர் ஒயர், ஒயரின் நுனியில் வட்டமான தலை. தலையில் ஜெல் தடவி, முறிவுக்கு நேர் மேலே தோலில் வைத்துப் பட்டையால் இறுக்கிப் பொத்தானை அழுத்தினால், 20 நிமிடம் ஓடித் தானே நின்றுவிடும். ஒரு நாளைக்கு ஒரு தடவை போதும்.

லண்டனில் இருக்கும் என் அக்காவுக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. ராடு வைத்தும் ஒன்பது மாதத்துக்கு மேல் கூடவில்லை. அப்போது டாக்டர் கொடுத்த கருவி இது. பல மாலைகளில் நான்தான் கட்டிவிட்டேன். பழகுவது எளிது. ஆனால் எக்ஸ்ரே பார்த்து டாக்டர் தோலில் குறித்துக் கொடுத்த இடத்திலேயே தலை உட்கார வேண்டும். இதில் மட்டும் அலட்சியம் கூடாது. மாவுக்கட்டு போட்டவர்களுக்குக் கட்டில் சின்னதாக ஜன்னல் வெட்டுவார்கள்.

அந்தத் தலை நொடிக்கு 15 லட்சம் தடவை அதிர்கிறது. தொடர்ந்து அல்ல, ஒவ்வொரு மில்லி நொடியிலும் ஐந்தில் ஒரு பங்கு நேரம் அதிர்ந்து, மீதியில் ஓய்ந்துவிடும். வலு சதுர சென்டிமீட்டருக்கு 30 மில்லிவாட். பிசியோதெரபியில் தசை வலிக்கு வைக்கும் அல்ட்ராசவுண்டு இதைப் போலப் பல மடங்கு. இவ்வளவு மெல்லிய தட்டலையும் எலும்புச் செல்கள் உணர்ந்து, புது எலும்பு வளரத் தூண்டும் வேதிப்பொருள்களைச் சுரக்கின்றன என்பதை ஆய்வுக்கூடத்தில் காட்டியிருக்கிறார்கள். மெல்லிய அல்ட்ராசவுண்டால் எலும்பைக் கூட வைப்பது, பிரேசிலைச் சேர்ந்த ஆய்வாளர் துவார்த்தே 1980களில் முன்வைத்த யோசனை.

1994-இல் வந்த அமெரிக்க ஆய்வு எல்லோரையும் நிமிர வைத்தது. கீழ்க்கால் எலும்பு 154 நாளில் கூடுவதற்குப் பதில் 96 நாளில் கூடியது என்றார்கள். அதே ஆண்டு அமெரிக்க அரசு அனுமதியும் கிடைத்தது. ஆனால் அந்த ஆய்வில் இருந்தவை 67 முறிவுகள் மட்டுமே.

அமெரிக்காவிலும் கனடாவிலும் ராடு வைத்த 501 பேரிடம் நடந்து, 2016-இல் முடிவு வெளியான ட்ரஸ்ட் என்ற சோதனைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பாதிப் பேருக்கு நிஜக் கருவி, மீதிப் பேருக்கு அதே தோற்றத்தில் அதிராத கருவி. அதிர்வு உடம்புக்குத் தெரியாததால், தன்னிடம் இருப்பது எது என்று நோயாளிக்குத் தெரிய வழியே இல்லை. இதைவிட நேர்மையான சோதனை அமைவது கஷ்டம். எக்ஸ்ரேயிலும் வித்தியாசம் இல்லை, நடமாட்டத்திலும் இல்லை. அடுத்த ஆண்டு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலின் நிபுணர் குழு, எலும்பு முறிவுகளுக்கு இது வேண்டாம் என்று உறுதியாகப் பரிந்துரைத்தது.

கூடாமல் நின்றுபோன எலும்பைப் பற்றி வேறு கருத்தும் உண்டு. 2013-இல் பிரிட்டனில் சிகிச்சைகளை மதிப்பிட்டுப் பரிந்துரைக்கும் நைஸ் அமைப்பு, ஒன்பது மாதமாகியும் கூடாத நீள எலும்புகளுக்கு இதைப் பயன்படுத்தலாம் என்றது. அப்போது இதன் விலை 2,500 பவுண்டுக்கு மேல். மறு அறுவை சிகிச்சை தவிர்ந்தால் அதுவும் லாபம்தான் என்பது அவர்கள் கணக்கு. இதற்கான சான்றுகள் ட்ரஸ்ட் அளவுக்குக் கறாரானவை அல்ல. அக்காவின் எலும்பு மெதுவாகக் கூடியது. அதே சமயம் அவர் கால் ஊன்றி நடக்கவும் தொடங்கியிருந்தார். பெருமை முழுவதையும் பெட்டிக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஊன்றி நடப்பதும் எலும்புக்கு ஓர் அசைவுதானே. இங்கிலாந்தில் குட்ஷிப்பும் கென்ரைட்டும் 1985-இல் வெளியிட்ட ஆய்வில், முறிந்த ஆட்டுக்கால் எலும்பை நாளுக்கு 17 நிமிடம் ஒரு மில்லிமீட்டர் அளவில் அசைத்தார்கள். இறுக்கிப் பிடித்த எலும்பைவிட அது நன்றாகக் கூடியது. அசைவு எல்லை மீறினால் முறிவு கூடாமலே போகும். எவ்வளவு ஊன்றலாம் என்பதை டாக்டர் எக்ஸ்ரே பார்த்துச் சொல்வது இதனால்தான்.

ஏறி நிற்கும் அதிர்வுப் பலகைகளைப் பற்றியும் கேட்கிறார்கள். 2001-இல் செம்மறி ஆடுகளில் அவை தொடை எலும்பின் மேல்முனைக்குள் இருக்கும் பஞ்சு போன்ற பகுதியின் அடர்த்தியை 34 சதவீதம் கூட்டின. மாதவிடாய் நின்ற 202 பெண்களிடம் ஓராண்டு சோதித்து 2011-இல் சொன்ன முடிவு: பலன் இல்லை. ஜிம் பலகைகளோ அந்த ஆய்வுப் பலகைகளைவிடப் பல மடங்கு பலமாகக் குலுக்குபவை. முறிந்த காலோடு அவற்றில் ஏறவே கூடாது.

என் தீர்ப்பு: புது முறிவுக்கு எக்ஸோஜென் வாங்காதீர்கள். ஒன்பது மாதமாகியும் கூடாமல், மறு அறுவை என்று டாக்டர் சொன்னால், அதற்கு முன் இதைப் போட்டுப் பார்க்கலாமா என்று கேளுங்கள். எலும்பு முனைகளுக்கு நடுவே ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தாலோ, முறிவு ஆடிக்கொண்டிருந்தாலோ இது உதவாது. புகைப்பவராக இருந்தால், எந்தக் கருவிக்கும் முன்னால் சிகரெட்டை நிறுத்துங்கள். எலும்பு கூடுவதை அது தாமதப்படுத்தும்.