கலைவாணரின் வில்லும் சுப்பு ஆறுமுகத்தின் எழுத்தும்

கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் என்றால் நம்மவர்கள் மதுரத்தைச் சொல்வார்கள், பாட்டைச் சொல்வார்கள், கொடுத்துச் சிவந்த கையைச் சொல்வார்கள். அவர் ஆளாக்கிய எழுத்தாளரைச் சொல்பவர் குறைவு. நான் பேச எடுத்துக்கொண்டது அந்தப் பக்கத்தைத்தான்.

லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் சிறைப்பட்டு 1947இல் விடுதலையான கலைவாணர், அடுத்த ஆண்டே நெல்லைச் சீமை இளைஞர் ஒருவரின் பாட்டைக் கேட்டு, சென்னைக்கு அழைத்து வந்தார். சத்திரம் புதுக்குளத்தில் 1928இல் பிறந்த சுப்பு ஆறுமுகம்தான் அவர். கலைவாணர் படங்களுக்கு நகைச்சுவைப் பகுதி எழுதினார். காந்தி மகான் கதையை அவர் எழுத, கலைவாணர் வில்லடித்துப் பாடினார்.

வில்லுப்பாட்டைப் பார்த்திராத நம் பெங்களூர்ப் பிள்ளைகளுக்காக ஒரு வார்த்தை. பாடுகிறவர் ஒரு சேதி சொல்வார். பக்கத்தில் இருப்பவர் 'ஆமா' போடுவார். சும்மா தலையாட்டுகிற ஆமாஞ்சாமி இல்லீங்க! சந்தேகம் கேட்பார், குறுக்கே விழுவார், கூட்டத்தின் மனசில் இருப்பதைப் பேசுவார். கலைவாணர்–மதுரம் காட்சிகளின் கட்டுமானமும் இதேதான். நாகர்கோவில் மண்ணில் பிறந்து, இளமையில் வில்லுப்பாட்டில் பழகியவர் அல்லவா! சிரிப்பு ஒருவர் வாயில் பிறப்பதில்லை, கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் பிறக்கிறது என்ற பாடத்தையே அவர் சீடருக்குக் கொடுத்தார் என்பது என் கருத்து.

இன்னொன்றும் கொடுத்தார். 'நல்லதம்பி' (1949) படத்தில் நந்தனார் கதாகாலட்சேபத்தின் சட்டகத்தை எடுத்துக்கொண்டு, படிக்கப் போகும் ஏழைப் பையனின் கதையைக் 'கிந்தனார்' என்று பாடினாரே, பழைய சட்டியில் புதுக்குழம்பு! சுடலைமாடனையும் முத்துப்பட்டனையும் பாடிய வில்லில் காந்தியை ஏற்றியதும் அதே கைப்பக்குவம்.

இதில் இழப்பு இல்லையா என்றால், உண்டு. கோயில் கொடையில் வில் என்பது சாவும் அழுகையும் சாமியாட்டமும்; சிரிப்பு அங்கே நடுவில் மூச்சு விடுகிற இடம். மேடைக்கு வந்தபின் அந்த உக்கிரம் குறைந்தது. பின்னாளில் அரசுப் பிரசார வில்லுப்பாட்டுகள் பெருகியபோது சந்தேகம் கேட்கிற ஆளும் காணாமல் போனார். நிஜமாகவே ஆமாஞ்சாமி ஆகிவிட்டார். சுப்பு ஆறுமுகத்தை அந்தக் கணக்கில் நான் சேர்க்கமாட்டேன். அவர் வில்லில் குறுக்குக்கேள்வி கடைசிவரை உயிரோடு இருந்தது.

கலைவாணர் 1957 ஆகஸ்ட் 30இல், ஐம்பது வயது நிறையுமுன்பே போய்விட்டார். சீடர் பிறகு நாகேஷ் படங்கள் பலவற்றுக்கும் எழுதினார். 2021இல் பத்மஸ்ரீ பெற்றார். 2022 அக்டோபர் 10இல் மறைந்தார். நாகேஷைப் பார்த்து இன்றும் வீட்டில் விழுந்து விழுந்து சிரிக்கிறோம். அதில் எந்தக் காட்சி இவர் எழுதியது என்று யாராவது பட்டியல் போட்டால் புண்ணியமாகப் போகும். மகள் பாரதி திருமகன் வில்லிசையைத் தொடர்கிறார். அவரை அழைத்து, நம் பிள்ளைகளை முன்வரிசையில் உட்காரவைத்து, 'ஆமா' போடவும் விடவேண்டும்.