பனித் தரையில் ஒரு பிணம்

கொலை உண்டு, ரத்தம் தெறிக்காது. ராத்திரி தனியாகப் படுத்துக்கொண்டே படிக்கலாம். இந்த ரகத்துக்கு 'கோஸி மிஸ்டரி' என்று பெயர்.

அலினா ஆடம்ஸ், ஃபிகர் ஸ்கேட்டிங்கை வைத்தே இப்படி ஐந்து நாவல்கள் எழுதியிருக்கிறார். முதலாவது, 2003-ல் வந்த 'மர்டர் ஆன் ஐஸ்'. அமெரிக்கப் பெண்ணை விட்டுவிட்டு ரஷ்யப் பெண்ணுக்கு ஓட்டுப் போட்ட நடுவர் அம்மாள் செத்துப்போகிறார். துப்பறிவது, டி.வி.க்குத் தகவல் திரட்டித் தரும் பெக்ஸ் லெவி. ஆடம்ஸே அந்த வேலை பார்த்தவர் என்பதால், கொலையைவிட மார்க் போடும் அரசியல்தான் ருசிக்கிறது.

நிஜத்திலும் நடந்ததே! 2002, சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக்ஸ். ஜோடிப் பிரிவில் ரஷ்யர்களுக்குத் தங்கம். பிரெஞ்சு நடுவர் மேல் புகார் கிளம்ப, கனடா ஜோடிக்கும் இன்னொரு தங்கம் கொடுத்துச் சமாளித்தார்கள். பி.காம். படித்தவர்களுக்குப் புரியும். ட்ரையல் பாலன்ஸ் டாலியாகாவிட்டால் வித்தியாசத்தை 'சஸ்பென்ஸ் அக்கவுன்ட்'டில் தள்ளுவோமே, அதுதான் இது!

கோஸியின் குறையும் இங்கேதான். ஒருத்தரைப் பிடித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று தட்டிக்கொடுத்துத் தூங்கவைக்கிறது. ஸ்கேட்டிங்கிலோ நடுவரைத் தண்டித்தும் போதாமல், மார்க் போடும் முறையையே 2004-ல் மாற்ற வேண்டியிருந்தது.

படியுங்கள். கொலையாளி கிடைத்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, கணக்கு நிஜமாகவே டாலியாகிறதா என்று மட்டும் ஒரு தரம் கேட்டுக்கொள்ளுங்கள்.