பிணி தீர்த்தலும் வினைக்கொள்கையும்

கிறிஸ்துவின் நாமத்தாற் பிணி நீங்குவதே அச்சமயம் மெய்ச்சமயம் என்பதற்குச் சான்றாம் எனத் திருநெல்வேலிச் சீமையின் செபக்கூட்டங்களிற் பேசப்படுவது பழகிய செய்தி. அதனை மறுக்கப் புகுந்த சைவருட் சிலர், அவையெல்லாம் கட்டுக்கதையென ஒரே வீச்சில் ஒதுக்கிவிடுகின்றனர். திருநீற்றாற் பாண்டியன் சுரம் தீர்ந்தமையைப் போற்றும் நாவினால் அங்ஙனம் கூறுதல் தகுமோ என்பதை அவர் எண்ணினாரில்லை. இருதிறத்தாரும் கிறிஸ்தவ மூலநூலை ஊன்றி நோக்கிற்றிலர்.

யோவான் சுவிசேஷத்தின் கிரேக்க மூலம் இச்செயல்களைச் 'செமெயோன்' என்னுஞ் சொல்லாற் குறிக்கும். அடையாளம் என்பதே அதன் பொருள். 2-ஆம் அதிகாரத்தில், கானாவூர்க் கலியாணத்தில் நீர் திராட்சரசமாகிய இடத்து, வழக்கிலுள்ள தமிழ் மொழிபெயர்ப்பு அதனை 'அற்புதம்' என்றது. பின்னர் யூதர் வினாவுமிடத்து 'அடையாளம்' என்றது. மூலத்திற் சொல் ஒன்றே. அற்புதமென்பது வியப்போடு முடியும்; அடையாளமோ தனக்கு அப்பாலுள்ள பொருளைச் சுட்டி நிற்கும். மாற்கு 5-ஆம் அதிகாரத்துப் பெரும்பாட்டு நோயினளுக்கு வந்த வினைச்சொல், குணமாக்குதல், மீட்டல் என்னும் இரண்டற்கும் உரியது. அதனை 'இரட்சித்தது' எனப் பெயர்த்தோர் நுண்ணறிவினரே. சைவர்க்கு இது புதிதன்று. பொருநைக்கரைத் திருவைகுண்டத்திற் பிறந்து ஐந்தாண்டு பேசாதிருந்த குமரகுருபரர்க்குத் திருச்செந்தூரில் வாய்திறந்தது. திறந்த வாயினின்று சித்தாந்தப் பொருள் செறிந்த கந்தர் கலிவெண்பா வெளிப்பட்டது. பேச்சு வந்ததன்று, பேசிய பொருளே அங்குப் பெரிது.

இனி, வேண்டியும் நோய் நீங்காவிடின் என்னாம்? பவுல் தம் உடலிலுற்ற முள்ளை நீக்குமாறு மும்முறை வேண்டியும் அது நீங்காமையையும், அருளே போதுமென்னும் விடை கிடைத்தமையையும் கொரிந்தியருக்கெழுதிய இரண்டாம் நிருபம் 12-ஆம் அதிகாரத்திற் காணலாம். இச்சீமையிலேயே இதற்கு விளக்கம் உண்டு. களக்காட்டை அடுத்த டோனாவூரில் ஆதரவற்ற குழந்தைகளை வளர்த்த ஏமி கார்மைக்கேல் அம்மையார், 1931 அக்டோபரிற் களக்காட்டில் ஒரு குழியில் வீழ்ந்து காலொடிந்தார். செபங்கள் பல நிகழ்ந்தன. ஆயினும் 1951-இல் இறக்குங்காறும் ஏறக்குறைய இருபதாண்டு பெரும்பாலும் படுக்கையிலேயே கிடந்தார். 1933-இல் வெளிவந்த அவரது 'ரோஸ் பிரம் பிரையர்', நோயுற்றார் நோயுற்றார்க்கு எழுதிய கடிதங்களின் தொகுதி. நலமுடையார் எழுதும் ஆறுதல் நோயாளரைச் சென்று தொடாது என்பது அவர் துணிபு. பிணி நீங்குதலே விசுவாசத்தின் அளவுகோல் என்பார் இவ்வம்மையாரை எவ்விடத்து வைப்பர்?

இவ்வளவும் ஒக்கும். வேற்றுமை தோன்றுமிடம் யோவான் 9-ஆம் அதிகாரம். பிறவிக்குருடனைக் கண்ட சீடர், பாவஞ்செய்தவன் இவனோ, இவன் பெற்றோரோ என வினாவினர். பிறவியிலேயே குருடனாயினான் செய்த பாவமெனின், அது பிறத்தற்கு முன்னர்ச் செய்ததாதல் வேண்டுமன்றோ! விடையோ இருவரும் அல்லர் என விலக்கி, தேவனுடைய செயல் இவனிடத்து வெளிப்படற்பொருட்டு என்றது. மூலச் சுவடிகளில் நிறுத்தக்குறி இன்மையின், இவ்வாக்கியத்தை அடுத்த வாக்கியத்தோடு கூட்டி வேறு பொருள் கொள்வாரும் உளர். அவ்வாறு கொள்ளின் குருடு காரணமின்றி நிற்கும். கொள்ளாவிடின், தன் செயலைக் காட்டுதற்கு ஓருயிரைப் பல்லாண்டு இருளில் வைத்த பட்சபாதம் இறைவனைச் சாரும். சிவஞானசித்தியார் இரண்டாஞ் சூத்திரம் இக்குற்றத்துக்கு இடந்தரவில்லை. சில நோயை அறுத்தும் சில நோயை இனியன கொடுத்தும் தீர்க்கும் மருத்துவன்போல, இறைவன் இன்ப துன்பங்களை நுகர்வித்தே வினையைக் கழிப்பானென்பது அதன் கொள்கை. ஆதலின் நோய்தானும் மருந்தின் ஒரு கூறாயிற்று.

அப்பரின் சூலை இங்குக் கருதற்பாலது. அது அவரை ஆட்கொள்ளுதற்கே தரப்பட்டதென்னும் அளவில் பெரியபுராணம் யோவானொடு ஒத்ததுபோலத் தோன்றும். ஆயின் சேக்கிழார் அவ்வளவில் நின்றிலர். முற்பிறப்பில் அவர் புரிந்த நற்றவத்தில் நேர்ந்த சிறு வழுவையும் உடன் கூட்டியே சூலையின் தொடக்கத்தைக் கூறினார். புராணப் பிரசங்கங்களிற் சூலையின் கொடுமை நாழிகைக்கணக்கில் விரித்துரைக்கப்படுகின்றது. இத்தொடரோ பெரும்பாலும் ஒரு மூச்சிற் கடக்கப்படுகின்றது.