யார் போய்ச் சொல்வது?

கல்லூரிக் காதலைப் பற்றிய கதை எது கைக்கு வந்தாலும் அதில் நான் முதலில் தேடுவது ஓர் இடத்தை. காதலர்கள் சந்தித்த இடத்தை அல்ல. அதை நம்மவர்கள் நன்றாகவே எழுதுகிறார்கள். மரத்தடி, நூலகம், மழைக்கு ஒதுங்கிய பஸ் நிறுத்தம் என்று எதற்கும் குறைவில்லை. இருவரும் கையடித்து, 'இனி நமக்குள் பிரிவில்லை' என்று வாக்குக் கொடுத்துக்கொள்வதையும் எழுதிவிடுகிறார்கள். அதற்கப்புறம் மூன்று நட்சத்திரங்கள். நட்சத்திரங்களுக்குக் கீழே, 'விஷயம் தெரிந்ததும் அப்பா எரிமலையானார்' என்று ஒரு வாக்கியம்! விஷயம் எப்படித் தெரிந்தது? யார் போய்ச் சொன்னது? என்ன வார்த்தையில் ஆரம்பித்தாள்? அந்த நேரத்தில் அம்மா கையில் என்ன வேலை இருந்தது? ஒன்றையும் காணோம். நான் தேடும் இடம் அந்த மூன்று நட்சத்திரங்களுக்குள்ளே புதைந்து கிடக்கிறது.

எழுதத் தெரியாமல் விட்டார்கள் என்று சொல்லமாட்டேன். சோதனைக்குப் பயந்து விட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். காதலிப்பது சுலபமான எழுத்து. எதிர்ப்பது அதைவிடச் சுலபம். சொல்வதுதான் கஷ்டம். சொல்லுகிற அந்த ஐந்து நிமிஷத்தில் ஒரு வீட்டின் வரவு செலவு, சாதி, பயம், பாசம் எல்லாம் ஒன்றாக எழுந்து நின்றுவிடும். அங்கே பொய்யாக ஒரு வார்த்தை விழுந்தாலும் வாசகன் கண்டுபிடித்துவிடுவான்.

அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் இடையிலுள்ள காடுகளை அறிந்தவர்களுக்கு இந்த ஐந்து நிமிஷத்தின் விலை தெரியும். குண்டாற்றில் வருஷத்தில் பெரும்பாகம் மணல்தான் ஓடுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் மழை இறங்கினால் கண்மாய்க்குத் தண்ணீர். பருத்தியும் மிளகாயும் கம்பும் கண்ணால் பார்க்கலாம். இறங்காவிட்டால் சீமைக் கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கி விற்பதுதான் விவசாயம். இந்தக் காட்டுக்குள்ளிருந்துதான் காலையில் பஸ் நிறையப் பையன்களும் பெண்களும் அருப்புக்கோட்டைக் கல்லூரிகளுக்கு வருகிறார்கள். பல வீடுகளில் வாசற்படி தாண்டி மேற்படிப்புக்கு வந்த முதல் ஆள் இந்தப் பெண்தான். அவளை அனுப்பியது அந்த வீட்டின் துணிச்சல். அவள் ஒரு நாள் வாயைத் திறந்து, 'எனக்கு ஒருத்தரைப் பிடித்திருக்கிறது' என்று சொன்னாளானால், நிற்பது அவள் படிப்பு மட்டும் அல்ல. தங்கையின் பஸ் பாஸும் சேர்ந்து நிற்கும். அடுத்த வீட்டுக்காரனும் யோசிப்பான். அக்காள் ஒருத்தி சொன்னதற்காகத் தெருவில் நாலு பெண்கள் மறுநாள் பஸ் ஏறாமல் போன கதை அங்கே புதிதல்ல. இதை மூன்று நட்சத்திரங்களுக்குள் அடைத்துவிட முடியுமா?

வேடிக்கை என்னவென்றால், தமிழன் இந்தச் சங்கதியை ஒரு காலத்தில் தனிக் கலையாகவே வைத்திருந்தான். 'அறத்தொடு நிற்றல்' என்று அதற்குப் பெயர். மறைவாக நடந்த காதலை வீட்டாருக்கு வெளிப்படுத்துவதுதான் அது. எந்த எந்த விதமாகச் சொல்லலாம் என்று தொல்காப்பியம் ஏழு வகை பிரித்துக் கொடுக்கிறது. அவனைப் பெரிய ஆள் என்று புகழ்ந்து சொல்லலாம். அவன் நம் பெண்ணிடம் ரொம்ப எளியவனாக நடந்துகொள்கிறான் என்று இறக்கியும் சொல்லலாம். ஏதோ ஓர் ஆபத்தில் வந்து காப்பாற்றினான் என்று ஒரு காரணத்தை வைத்துச் சொல்லலாம். சுற்றி வளைக்காமல் உள்ளதை உள்ளபடி உடைத்தும் சொல்லலாம். யார் யாரிடம் சொல்வது என்பதற்கும் வரிசை உண்டு. தலைவி தோழியிடம், தோழி செவிலித் தாயிடம், செவிலி பெற்ற தாயிடம். அதோடு வாய்ப்பேச்சு நின்றுபோகிறது. தகப்பனும் தமையனும் குறிப்பினாலேயே அறிந்துகொள்வார்களாம். அவர்களுக்கு முன்னால் போய் நின்று சொல்லும் தைரியத்தை இலக்கணக்காரர் யாருக்கும் கொடுக்கவில்லை. வீடு என்றால் என்னவென்று தெரிந்தவர்!

இந்தத் துறையில் வந்ததுதான் கபிலரின் குறிஞ்சிப்பாட்டு. பிரகதத்தன் என்ற ஆரிய அரசனுக்குத் தமிழை அறிவிப்பதற்காகப் பாடியது என்று பழைய குறிப்பு சொல்கிறது. அந்நியன் ஒருவனுக்குத் தமிழ் என்றால் என்னவென்று காட்ட, போரையோ கொடையையோ எடுக்காமல், ஒரு பெண்ணின் காதலை வீட்டில் சொல்லும் காட்சியை அவர் எடுத்தார் என்பதே எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. 261 அடிகளும் தோழி செவிலியிடம் பேசும் ஒரே பேச்சு. மகளுக்கு என்ன நோய் என்று தெரியாமல் குறி கேட்டும் தெய்வங்களைக் கும்பிட்டும் அலைகிறாள் தாய். தோழி போய் நிற்கிறாள்.

இந்தப் பாட்டில் 99 பூக்களின் பெயர்கள் அடுக்கி வருகின்றன. பள்ளிக்கூடத்திலிருந்து நாம் கேட்டுவந்த பாராட்டு அதைப் பற்றியதுதான். கபிலருக்கு எத்தனை பூக்கள் தெரிந்திருக்கின்றன பாருங்கள் என்பார்கள். கதை எழுதுகிறவனுக்கு அப்படித் தோன்றாது. அந்தப் பட்டியல் எந்த இடத்தில் வருகிறது என்று பாருங்கள். தினைப்புனம் காக்கப் போனோம், அருவியில் குளித்தோம், பூப் பறித்தோம் என்று சொல்லிக்கொண்டே வருகிறாள். அடுத்தபடி அவன் வரவேண்டும். ஓர் ஆண்பிள்ளையின் பிரஸ்தாபம் முதன்முதலாக அந்தத் தாயின் காதில் விழவேண்டிய தருணம் அது. அங்கே வந்து நின்றுகொண்டுதான் அந்தப் பெண் பூப்பூவாக எண்ணுகிறாள்! நெஞ்சு அடித்துக்கொள்ளும்போது நாக்கு வேறெதையாவது பிடித்துக்கொண்டு தொங்கும். கபிலர் தாவர சாஸ்திரம் எழுதவில்லை. ஒரு பெண்ணின் பயத்தை எழுதியிருக்கிறார். புலவர்கள் என்னோடு சண்டைக்கு வரலாம். வரட்டும்.

இத்தனை சொத்தை வைத்துக்கொண்டு நாவலாசிரியர்களாகிய நாம் என்ன செய்தோம்? கல்கியின் 'அலை ஓசை'யில் லலிதாவைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை சீதாவைப் பார்த்ததும் அவள்தான் வேண்டும் என்றுவிடுகிறான். கதை நகர்ந்துவிடுகிறது. ஆண் கேட்டால் அது 'பிடித்தம்'. பெண் சொன்னால் அது 'தொடுப்பு' என்ற நம் ஊர் நியாயம் அதில் தானாகவே பதிவாகியிருக்கிறது. நா. பார்த்தசாரதியின் 'குறிஞ்சி மலர்' தொடக்கத்திலேயே பூரணிக்குத் தகப்பனார் இல்லை, தாயும் இல்லை. அரவிந்தனிடம் அவளுக்கு உண்டான அன்பை எந்தத் தாயிடமும் போய்ச் சொல்லவேண்டிய அவசியம் ஏற்படவில்லை. அந்த நாவலின் உயரமான லட்சியத்துக்கு அது உதவியிருக்கலாம். ஆனால் அம்மா என்று ஒருத்தி அடுப்படியில் உட்கார்ந்திருந்தால் அந்த லட்சியம் எப்படிப் பேசியிருக்கும் என்று பார்க்க எனக்கு ஆசை. நம் கதைகளில் பெற்றோர்கள் இத்தனை அவசரமாகச் செத்துப்போவதற்குக் காரணம், அவர்களிடம் சொல்லவேண்டிய தொல்லையை ஆசிரியருக்கு மிச்சப்படுத்தத்தானோ?

ஜெயகாந்தன் தப்பிக்கவில்லை. அவர் எடுத்தது காதல் அல்ல, விபத்து. ஆனால் கல்லூரிப் பெண் ஒருத்தி வீட்டுக்கு வந்து தாயிடம் சொல்லும் அந்த இடத்தை அவர் இரண்டு தடவை எழுதினார். 1966இல் வந்த 'அக்கினிப் பிரவேசம்' கதையில் தாய் மகள் தலையில் தண்ணீரைக் கொட்டி, விஷயத்தைத் தன்னோடு முடித்துக்கொள்கிறாள். 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலில் அதே தாய் வாய்விட்டுக் கதறிவிடுகிறாள். அண்ணன் காதில் விழுகிறது. கங்காவின் வாழ்க்கையே வேறு திசைக்குப் போய்விடுகிறது. நடந்தது ஒன்றுதான். கேட்டவள் குரல் எவ்வளவு உயர்ந்தது என்பதில் இரண்டு கதைகள் பிறந்துவிட்டன. இதைவிடப் பெரிய பாடம் எழுதுகிறவனுக்கு வேண்டாம்.

திருச்சுழிப் பக்கம் ஒரு வீட்டில் நடந்ததை, அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பெண்ணே எனக்குச் சொல்லியிருக்கிறாள். அவளுடைய நாத்தனார் பட்டப்படிப்பு கடைசி வருஷம். கூடப் படித்த பையன் ஒரு சாயங்காலம், திருமேனிநாதர் கோயில் பிராகாரத்தில், முன்யோசனை எதுவும் இல்லாமல் ஒரு மோதிரத்தைப் போட்டுவிட்டான். இவளும் சரி என்றுவிட்டாள். பஸ் ஏறுவதற்கு முன்னால் கழற்றித் தாவணி முனையில் முடிந்துகொண்டாளாம். நிச்சயம் என்றால் நம் பக்கத்தில் பத்துப் பேர் நடுவில் வெற்றிலை பாக்கு மாற்றவேண்டும். இரண்டு பேர் மட்டும் செய்துகொண்டதற்கு மோதிரம் இருந்தாலும் பெயர் களவுதான். நாலு நாள் சோறு இறங்காமல் கிடந்துவிட்டு, மதினியிடம் முடிச்சை அவிழ்த்துக் காட்டியிருக்கிறாள்.

மதினி சமயம் பார்த்திருந்தாள். மாமியார் களத்தில் மிளகாய் வற்றலைச் சண்டு பிரித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டு, "அத்தே, நம்ம பாப்பாவுக்கு இந்த வருசம் மாப்பிள்ளை பார்க்க வேண்டாம் போலருக்கே" என்றாளாம். மாமியாரின் கை நிற்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரே ஒரு கேள்வி வந்தது: "எந்த ஊராம்?"

யார், என்ன படிக்கிறான், எத்தனை நாளாக என்று கேட்கவில்லை. ஊர். அந்தக் காட்டில் ஊர்ப் பெயரைச் சொன்னால், தெருவைச் சொன்னால், எல்லாம் சொன்ன மாதிரி. மதினி சொன்னாள். சொல்லிவிட்டு, "அன்னைக்கு மழையிலே பஸ் நின்னுபோன ராத்திரி பாப்பாவை ஊர் எல்லை மட்டும் கொண்டாந்து விட்டுட்டுப் போச்சே, அந்தப் பிள்ளைதான்" என்று சேர்த்தாள்.

"அது நெசமா?" என்று நான் கேட்டேன். அவள் சிரித்தாள். "ஏதாவது ஒண்ணு சொல்லணுமில்லே அண்ணே?"

தொல்காப்பியர் 'ஏதீடு' என்று சொன்னது இதைத்தான். மலைநாட்டுத் தோழிக்கு ஒரு மதயானை கிடைத்தது. கரிசல் காட்டு மதினிக்கு நின்றுபோன ஒரு பஸ். தகப்பனாரிடம் யாரும் சொல்லவில்லை. மூன்று நாள் சோறு வைத்துவிட்டு அம்மா பேசாமல் நின்றாள். நாலாம் நாள் அவரே, "காலேஜு முடிய இன்னும் எத்தனை மாசம் கெடக்கு?" என்றார். அஞ்சு மாசம் என்றார்கள். "முடிக்கட்டும்." அவ்வளவுதான் அந்த வீட்டில் நடந்த விவாதம்.

எனக்கு மறக்காதது மதினி கடைசியில் சொன்னது: "ஏறுக்குமாறாப் போயிருந்தா அவளை ரெண்டு அடி அடிச்சு உள்ளே வெச்சுக்குவாக. அவுக பெத்த பிள்ளை. என்னைத்தான் எங்க ஊருக்கு அனுப்பியிருப்பாக." சங்கப் பாட்டை எத்தனையோ தடவை படித்திருக்கிறேன். தோழிக்கு என்ன ஆகும் என்று எந்த உரையாசிரியரும் கேட்டதாக எனக்கு ஞாபகமில்லை.

அந்த ஊர்ப் பெயர் பொருந்திவந்தது. பொருந்தாமல் போனால் என்ன என்பதற்கு நெடுங்காலத்துக் கதைகளைத் தேட வேண்டாம். 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டைக் கடைவீதியில் பட்டப்பகலில், ஊரே பார்க்க, ஓர் இளைஞனை வெட்டிச் சாய்த்தார்கள். அவனும் அவன் மனைவியும் கல்லூரியில் சந்தித்துக்கொண்டவர்கள், சாதி வேறு. இந்தச் செய்தியைப் படித்த பிறகும் 'தைரியமாகப் போய்ச் சொல்' என்று கதாநாயகிக்கு வசனம் எழுதுகிறவர்களின் தைரியத்தை நான் வியக்கிறேன்.

சட்டத்துக்கும் இந்தச் 'சொல்லும்' தொல்லை விட்டபாடில்லை. அருப்புக்கோட்டைக்குப் பக்கத்தில் சுக்கிலநத்தம் என்று ஒரு கிராமம். 1928இல் அங்கேதான் பெரியார் தலைமையில் முதல் சுயமரியாதைத் திருமணம் நடந்ததாகச் சொல்கிறார்கள். புரோகிதரை வேண்டாம் என்றார்களே தவிர, ஊரை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஊரைக் கூட்டி மேடைபோட்டுச் சொன்னதுதான் அதன் பலமே. 1967இல் அந்த முறைக்குச் சட்ட அங்கீகாரம் கிடைத்தது. 1954ஆம் வருஷத்துச் சிறப்புத் திருமணச் சட்டமோ, மணந்துகொள்ள நினைப்பவர்களின் அறிவிப்பை 30 நாள் அலுவலகப் பலகையில் தொங்கவிடுகிறது. அறத்தொடு நிற்க ஒரு சர்க்கார் ஆணி! 2023இல் உச்ச நீதிமன்றம், சுயமரியாதைத் திருமணத்தை ஊரறிய நடத்தியே தீரவேண்டும் என்பதில்லை, வீட்டாருக்குப் பயந்து சொல்லாமல் இருப்பவர்களும் உண்டு என்று தீர்ப்பளித்தது. மேடைபோட்டுச் சொன்ன காலத்திலிருந்து சொல்லாமலிருக்கும் உரிமை வரைக்கும் 95 வருஷம் நடந்திருக்கிறோம். இதை ஒரு நாவலாசிரியர் எழுத வேண்டாமா?

எழுதியிருக்கிறார் ஒருவர். பெருமாள்முருகனின் 'பூக்குழி' 2013இல் வந்தது. அதில் காதலர்கள் கல்லூரிக்காரர்கள் இல்லை. குமரேசன் சரோஜாவைத் திடீரென்று கட்டிக்கொண்டு தன் கிராமத்துக்குக் கூட்டிவந்துவிடுகிறான். தாய் மாராயிடம் எல்லாம் சொல்கிறான். ஒன்றை மட்டும் சொல்லமாட்டேன் என்கிறான், பெண் என்ன சாதி என்பதை. மனைவியையும் வாய் திறக்க வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிறான். ஆசிரியரும் அவனுக்கு உடந்தை. கடைசி வரை வாசகனிடமும் சொல்வதில்லை. சொல்லாத அந்த ஒரு வார்த்தை வீட்டைச் சுற்றி வந்து, ஊரைச் சுற்றி வந்து, முடிவில் அவள் ஒளிந்திருக்கும் புதருக்கு நெருப்பாக வந்து சேருகிறது. மூன்று நட்சத்திரங்களுக்குள் இருப்பதை வெளியே எடுத்து அதையே முழு நாவலாக ஆக்கியிருக்கிறார்.

எனக்கு ஒரு குறை உண்டு. மாராயியை ஒப்பாரி வைத்து ஓயவிடாமல் அழவைக்கிறார் ஆசிரியர். அந்த ஒப்பாரி நிஜம்தான். அந்த மண்ணின் நாக்கு அது. ஆனால் அழுது ஓய்ந்த பிறகு, ஆள் இல்லாத நேரத்தில், அந்தக் கிழவி மருமகளுக்கு எதிரே உட்கார்ந்து வேறெங்கோ பார்த்துக்கொண்டு, "உனக்கு எந்த ஊரு?" என்று மெதுவாக ஒரு தடவை கேட்டிருக்கலாம். அதற்குச் சரோஜா என்ன சொல்லியிருப்பாள் என்பதை நான் அந்தப் புஸ்தகத்தில் படிக்க விரும்பினேன்.