ஜாரும் துரையும்: மலையகப் புனைகதையில் ஒரு மனு

1917இல் ருஷ்யாவில் ஜார் மன்னன் வீழ்ந்ததைப் பாரதி பாடினான். பராசக்தி அந்நாட்டின் மீது பார்வை செலுத்தினாள், கொடுங்கோலன் விழுந்தான் என்பது அக்கவிதை காட்டும் காரணம். கவிதைக்கு அது போதும், புனைகதைக்குப் போதாது. அஞ்சியே வாழ்ந்த ஒரு மக்கள் கூட்டம் எந்த நாளில், எதனால் அஞ்சுவதை நிறுத்துகிறது என்பதைக் கதாசிரியன் காட்டியாக வேண்டும். நமது மலையகப் புனைகதை இதைக் காட்டியிருக்கிறதா என்பதே இங்கு என் கேள்வி.

பசிதான் புரட்சிக்குக் காரணம் என்று நம்மில் பலர் எழுதியும் பேசியும் வருகிறோம். ருஷ்ய விவசாயி தலைமுறை தலைமுறையாகப் பசித்திருந்தவன். 1861இல் பண்ணையடிமை முறை ஒழிந்த பின்னரும் தனக்குக் கிடைத்த துண்டு நிலத்துக்காக ஆண்டாண்டு காலம் மீட்புப் பணம் கட்டியவன். அப்படியிருந்தும் ஜாரை அவன் தந்தை என்றே அழைத்தான். தந்தை நல்லவர், இடையில் நிற்கும் அதிகாரிகளே உண்மையை அவரிடம் சேரவிடாமல் தடுக்கிறார்கள் என்று நம்பினான். பழைய நாட்காட்டிப்படி 1905 ஜனவரி 9ஆம் திகதி, தலைநகரத் தொழிலாளர்கள் கப்பன் பாதிரியாரின் தலைமையில் ஜாரின் மாளிகையை நோக்கி நடந்ததும் அந்த நம்பிக்கையோடுதான். எட்டு மணி நேர வேலை கேட்கும் மனுவையும் ஜாரின் படத்தையும் அவர்கள் ஏந்திச் சென்றார்கள். துருப்புகள் சுட்டன, நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தந்தை என்ற நம்பிக்கை அன்று உடைந்தது.

ஆனால் ஆட்சி உடைய மேலும் பன்னிரண்டு ஆண்டுகள் சென்றன. டூமா என்ற சபையைக் கூட்டிய ஜார், அது எதிர்த்துப் பேசியதும் 1906இலும் 1907இலும் கலைத்தான். 1914இல் போர் வந்தது. 1916இல் மத்திய ஆசிய முஸ்லிம்களைப் போர்முனைக்குப் பின்னால் உடலுழைப்புக்கு இழுக்க உத்தரவிட்டான். அங்கே பெரும் கிளர்ச்சி மூண்டது. 1917 மார்ச் 8இல் பெத்ரோகிராட் பெண்கள் பாண் கேட்டுத் தெருவுக்கு வந்தார்கள். சில நாட்களில் நகரத்துப் படைவீரர்கள் சுட மறுத்து அவர்களோடு சேர்ந்தார்கள். சீருடை அணிந்த விவசாயிகள் அவர்கள். கூட்டத்தில் தம் தாயையும் தங்கையையும் கண்டார்கள். பசியோடு இம்மூன்றும் சேர வேண்டியிருந்தது: நம்பிக்கை உடைவது, முறையிட வேறு வாசல் இல்லாமற் போவது, துப்பாக்கி ஏந்தியவன் கூட்டத்தில் தன் உறவைக் காண்பது.

இனி நமது மலைகளுக்கு வருவோம். தோட்டம் ஒரு சிறு முடியரசாகவே இருந்தது. துரையின் அனுமதியின்றி வெளியார் லயத்துக்குள் கால் வைக்க முடியாது. கடன் தீர்ந்ததைக் காட்டும் 'துண்டு' இல்லாமல் தொழிலாளி வேறு தோட்டம் போக முடியாது. அம்முறை 1921இல்தான் சட்டப்படி ஒழிந்தது. அங்கும் அதே நம்பிக்கை வேரோடியிருந்தது. பெரிய துரை நல்லவர், கங்காணியும் கணக்கப்பிள்ளையும்தான் கெட்டவர்கள்.

அந்த நம்பிக்கையை அசைத்த சம்பவங்கள் இல்லாமலில்லை. கோ. நடேசய்யர் 1931இல் அட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். 1937இல் பிரேஸ்கேர்டில் என்ற வெள்ளைக்காரத் தோட்ட உத்தியோகத்தர் தொழிலாளர் பக்கம் நின்று நாவலப்பிட்டியில் பேசினார். அவரை நாடுகடத்த ஆளுநர் இட்ட கட்டளையை உயர்நீதிமன்றம் செல்லாததாக்கியது. 1940 ஜனவரி 10இல் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது பொலிசார் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். சம்பள உயர்வு கேட்டவர்களுக்குக் குண்டு பதிலாக வந்தது. நமது 1905 என்று அதைச் சொல்லலாம்.

நமக்கு ஏன் ஒரு 1917 வரவில்லை? சுட்ட பொலிஸ்காரனுக்கு லயத்தில் உறவில்லை, மொழியும் வேறு. மலைகளுக்கு வெளியே இருந்த பெரும்பான்மை விவசாயிக்கு, தோட்டத் தொழிலாளி தன் காணியைப் பறித்த வெள்ளையனின் ஆளாகவே தெரிந்தான். முறையிட ஒரு வாசலாக இருந்த வாக்குரிமையும், 1948இன் பிரஜாவுரிமைச் சட்டத்தின் பின் மிகப் பெரும்பாலானோருக்கு இல்லாமற் போயிற்று. ருஷ்யாவில் வாசல் அடைபட்டபோது மக்கள் கதவை உடைத்தார்கள். இங்கே வாசல் அடைபட்டபோது, மக்கள் இந்நாட்டுக்காரர்களே அல்லர் என்றாகிவிட்டது.

இந்த வரலாற்றுக்கு இலக்கியம் என்ன செய்தது? நம்மில் ஒரு தலைமுறையே ரகுநாதனின் மொழிபெயர்ப்பில் கார்க்கியின் 'தாய்' நாவலைப் படித்து எழுத வந்தது. அதிலிருந்து நாம் எடுத்துக்கொண்டது செங்கொடியை மட்டுமே என்பது என் அபிப்பிராயம். அந்த நாவலில் புரட்சி வெல்வதில்லை; புகையிரத நிலையத்தில் நீலவ்னா அடிபடுவதோடு அது முடிகிறது. கணவனின் அடிக்கும் ஆண்டவனின் தண்டனைக்கும் அஞ்சிய ஒரு பெண்ணின் அச்சம் அத்தியாயம் அத்தியாயமாக எப்படிக் கழன்றது என்பதே அதன் கதை. 1905இன் துப்பாக்கிச் சூட்டைக் கண்ணால் கண்டு, அன்று தப்பிவந்த கப்பனுக்குத் தன் வீட்டில் இடங்கொடுத்தவர் கார்க்கி. நம்பிக்கை உடைவதன் விலை அவருக்குத் தெரியும்.

நமது சிறுகதைகள் பலவற்றில் இந்த அச்சம் கழலும் பகுதியே இல்லை. முதற் பக்கத்தில் கங்காணி அடிக்கிறான். கடைசிப் பக்கத்தில் தப்பு முழங்கத் தொழிலாளர் திரள்கிறார்கள். இடையில் என்ன நடந்தது? இதைவிடப் பெரிய குறை இன்னொன்று உண்டு. கொடுமை முழுவதையும் கங்காணி தலையில் கட்டும்போது 'தந்தை நல்லவர்' என்ற பழைய கதையையே நாமும் திருப்பிச் சொல்லிவிடுகிறோம். சில கதைகளில் துரைக்குப் பதிலாகச் சங்கத் தலைவர் வந்து நியாயம் வழங்குகிறார். மனு வாங்கும் கை மாறுகிறது, மனு மாறவில்லை.

சி.வி. வேலுப்பிள்ளையின் 'வீடற்றவன்' இதற்கு விலக்கு. அந்நாவலில் சங்கம் அமைக்க முனைந்தவன் வேலையையும் லயத்தையும் சேர்த்தே இழக்கிறான். தோட்டத்தில் வேலை போனால் கூரையும் போகும் என்ற ஒரே உண்மையிலிருந்து அச்சத்தின் முழு இயக்கத்தையும் அவர் காட்டிவிடுகிறார். மடக்கொம்பரைத் தோட்டத்தில் பிறந்து, 1947இல் தலவாக்கலையிலிருந்து நாடாளுமன்றம் சென்று, வாக்குரிமை பறிபோனதை உள்ளிருந்தே கண்டவர் அவர்.

வெள்ளைத் துரை போன பிறகும் கதை முடியவில்லை. 1977 மே மாதம், நுவரெலியா மாவட்டத்தில் ஏழாயிரம் ஏக்கர் தோட்டக் காணியைப் பிரித்துக் கொடுக்கும் திட்டத்தைத் தொழிலாளர் எதிர்த்தபோது, டெவன் தோட்டத்தில் சிவனு லட்சுமணன் பொலிசாரால் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது தோட்டங்கள் அரசுடைமை. துரையிடம் மனுக் கொடுத்துப் பழகியவன் அன்று யாரிடம் கொடுத்திருப்பான்? எழுதப்பட வேண்டிய நாவலுக்கான கேள்வி இது.

இதில் முஸ்லிம் எழுத்தாளருக்கு உரிய பங்கையும் சொல்ல வேண்டும். அட்டன் கடைத்தெருவில் வளர்ந்தவன் நான். மலையகக் கதைகளில் 'நானா கடை' வரும். கடன் கொப்பியை நீட்டிவிட்டு மறையும். வேலைநிறுத்தம் எத்தனை நாள் தாங்கும் என்பதை அந்தக் கொப்பியும் தீர்மானித்தது. இன்னும் ஒரு கிழமைக்கு அரிசி கொடுப்பதா, நிறுத்துவதா என்று கல்லாவில் இருந்தவர் இரவில் யோசித்திருப்பார். கொடுத்தால் முதல் போகும். நிறுத்தினால் நாளை அதே முகங்களைப் பார்க்க வேண்டும். பெத்ரோகிராட்டில் பெண்கள் கோபத்தைப் பகிர்ந்துகொண்ட இடம் பாண் கடை வரிசை. நமது மலைகளில் சம்பள நாளின் கடை வாசல் அத்தகைய இடம். அங்கே என்ன பேசப்பட்டது என்பதைக் கல்லாவுக்குப் பின்னால் நின்று கேட்டவர்கள் நம் தகப்பன்மார். அதை எழுத நாம் கொடி தேடிப் போக வேண்டியதில்லை; அந்தக் கொப்பியைத் திறந்தால் போதும்.